நூலில்லாத் துணி, பிரியாத அடுக்கு

நீளவாக்கில் பாவு, குறுக்கே ஊடை, இரண்டையும் மாற்றி மாற்றிக் கோத்தால் நெசவு. ஒரே நூலைக் கண்ணி கண்ணியாக வளைத்துக் கோத்தால் பின்னல். இரண்டுக்கும் முதலில் நூல் வேண்டும். நூற்பாலையையும் தறியையும் தாண்டிச் சென்று, இழைகளை அப்படியே தாள்போலப் பரப்பி ஒன்றோடொன்று பிணைத்துவிட்டால் கிடைப்பது நெய்யாத் துணி. கடைவீதியில் இதற்கு 'நான் ஓவன்' என்று பெயர். முகக்கவசம், டயப்பர், சானிட்டரி நாப்கின், அறுவை அரங்கில் மருத்துவர் அணியும் நீல அங்கி, சோபாவின் அடியில் அடித்திருக்கும் கறுப்புத் துணி, சட்டைக் காலர் விறைப்பாக நிற்கத் தையற்காரர் உள்ளே வைக்கும் ஒட்டுக் கேன்வாஸில் ஒரு வகை என்று இது நுழையாத வீடு இன்று குறைவு.

இத்தகைய துணி தனியாக வேலைக்கு வருவது அரிது. ஒரு தாள் வலுவாக இருந்தால் அதில் நுண்துகள் புகுந்துவிடும். நுண்துகளைத் தடுக்கும் தாள் தொட்டாலே கிழியும். நீரைத் தடுக்கும் படலம் வியர்வையையும் அடைத்துவிடும். அதனால் ஒவ்வொரு குணத்தையும் ஒவ்வோர் அடுக்கிடம் கேட்டு வாங்கி, அடுக்குகளை ஒட்டி ஒரே தாளாக்குகிறார்கள். இருநூறு ஆண்டுகளாக இந்தத் துறையில் நடந்த கண்டுபிடிப்புகளில் பெரும்பகுதி, எதை எதனோடு எப்படி ஒட்டுவது என்ற கேள்விக்குக் கிடைத்த விடைகள்தாம்.

நெய்யாத் துணி புதிய பொருள் அன்று. ஆட்டு உரோமத்தைப் பரப்பி, வெந்நீர் தெளித்து, உருட்டி மிதித்துச் செய்யும் ஃபெல்ட் மிகப் பழையது. உரோமத்தின் மேற்பரப்பில் மீன் செதில்போல ஒரே திசை நோக்கிய நுண்செதில்கள் உண்டு. ஈரமும் சூடும் பட்டு அழுத்தப்படும்போது ஒவ்வோர் இழையும் ஒரு திசையில் மட்டும் நகர்ந்து பக்கத்து இழைகளுக்குள் சிக்கிக்கொள்ளும். திரும்பி வர முடியாது. கம்பளி ஸ்வெட்டரை வெந்நீரில் துவைத்தால் சுருங்கித் தடித்துப்போவதும் இதே காரணத்தால்தான். சைபீரியாவின் அல்தாய் மலைகளில் பசிரிக் என்னுமிடத்துக் கல்லறைகளில், உறைபனிக்குள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கெடாமல் கிடந்த ஃபெல்ட் விரிப்புகள் இன்று ரஷ்யாவின் ஹெர்மிட்டேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மங்கோலிய மேய்ப்பர்களின் வட்டக் கூடாரங்களை இன்றும் போர்த்துவது ஃபெல்ட்தான். காஷ்மீரத்து நம்தா விரிப்பும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. பருத்திக்கு அத்தகைய செதில் இல்லை. செயற்கை இழைகளுக்கும் இல்லை. அவற்றைப் பிணைக்க வேறு வழி தேட வேண்டியிருந்தது.

அதற்கு வெகு முன்பே அடுக்குத் துணியின் கதை தொடங்கிவிட்டது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து வேதியியலர் சார்லஸ் மாக்கின்டாஷ் 1823-இல் மழைக்கோட்டுத் துணிக்குக் காப்புரிமை பெற்றார். நிலக்கரி வாயு ஆலைகளின் தாரிலிருந்து கிடைத்த நாப்தா ரப்பரைக் கரைக்கும். இதை 1818-இலேயே ஜேம்ஸ் சைம் என்ற மருத்துவ மாணவர் எழுதி வெளியிட்டிருந்தார். ரப்பர் கரைசலைத் துணிமேல் பூசினால் பிசுபிசுக்கும். மாக்கின்டாஷ் செய்தது, பூசிய துணியின்மேல் இன்னொரு துணியை வைத்து அழுத்தியதுதான். பிசுபிசுப்பு உள்ளே போயிற்று, தொட்டால் துணி, நடுவில் நீர்புகா ரப்பர்.

யோசனை சரியாக இருந்தும் கோட்டு சரியாக இல்லை. குளிரில் விறைத்தது, வெயிலில் இளகி நாறியது. கம்பளித் துணியில் இயற்கையாக உள்ள எண்ணெய்ப்பசை ரப்பரை அரித்தது. எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டியது தையல். தையற்காரரின் ஊசி போன ஒவ்வொரு துளையும் மழைக்கு ஒரு வாசல். அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1839-இல் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கும் வல்கனைசேஷன் முறையைக் கண்டறிந்தார். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் சில ஆண்டுகளில் அதற்குக் காப்புரிமை பெற்றார். விறைப்பும் இளக்கமும் தீர்ந்தன. ஊசித்துளை தீரவில்லை. அது ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்துத் திருப்பூரில் மறுபடி தலைகாட்டப்போகிறது.

இருபதாம் நூற்றாண்டில் நெய்யாத் துணி ஆலைப் பொருளானதற்கு ஒரு தோல் கம்பெனி காரணம். ஜெர்மனியின் வைன்ஹைம் நகரிலிருந்த ஃப்ராய்டன்பெர்க் நிறுவனம் 1930-களில் தோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது செயற்கைத் தோல் செய்ய முயன்றது. அதற்கு அடித்தளமாக இழைகளைப் பரப்பிப் பிசினால் பிணைத்த தாளைச் செய்தார்கள். போருக்குப் பின் அந்த அடித்தளத் தாளே தனிச் சரக்காகி, கோட்டு, சட்டை ஆகியவற்றின் உட்துணியாக விற்றது.

பிசின் ஒரு வழி. முள் வைத்த ஊசிகள் இன்னொன்று. ஆயிரக்கணக்கான ஊசிகள் பதித்த பலகை மேலும் கீழும் குத்தும்போது, ஊசியின் முள் மேலடுக்கு இழைகளைக் கீழே இழுத்துச் சென்று முடிச்சிடும். தரைவிரிப்பு, சாலைக்கும் மண்ணரிப்புத் தடுப்புக்கும் இடும் புவித்துணி, தேங்காய் நார் ஃபெல்ட் ஆகியவை பெரும்பாலும் இப்படிக் குத்தித்தான் செய்யப்படுகின்றன. ஊசிக்குப் பதிலாக மயிரிழை போன்ற நீர்த்தாரைகளை மிகுந்த அழுத்தத்தோடு பாய்ச்சினால் துணி இன்னும் மென்மையாக வரும். முகம் துடைக்கும் ஈரத்தாள்கள் அந்த வகை.

விலையைத் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்தது வேறொரு முறை. ஃப்ராய்டன்பெர்க்கும் அமெரிக்காவின் டூபாண்ட்டும் 1960-களில் சந்தைக்குக் கொண்டுவந்த ஸ்பன்பாண்ட் முறையில் பிளாஸ்டிக் குருணை ஒரு முனையில் போகும், சுருட்டிய துணி மறு முனையில் வரும். இன்று பெரும்பாலும் குருணை பாலிபுரொப்பிலீன். உருகிய பிளாஸ்டிக்கை நுண்துளைகள் வழியே பிழிந்து, காற்றால் இழுத்து நீட்டி, ஓடும் வலைமேல் விழவிட்டு, புடைப்புப் புள்ளிகள் கொண்ட சூடான உருளையால் அழுத்துகிறார்கள். புள்ளி பட்ட இடங்களில் மட்டும் இழைகள் உருகி ஒட்டும். நான் ஓவன் பைகளின்மேல் வரிசையாகத் தெரியும் சிறு குழிகள் அந்த ஒட்டுகளே.

டூபாண்ட் ஆய்வகத்தில் 1955-இல் ஜிம் வைட் என்ற ஆய்வாளர், ஒரு குழாயிலிருந்து வெள்ளைப் பாலிஎதிலீன் பஞ்சு வெளியேறுவதைக் கவனித்தார். யாரோ கூட்டிப் பெருக்கித் தள்ளியிருக்கக்கூடிய கழிவு அது. அதைப் பின்தொடர்ந்து போனதன் பலன் டைவெக். மிக நுண்ணிய இழைகள் வெப்பத்தால் ஒட்டிய இத்தாள் பார்க்கக் காகிதம்போல் இருக்கும், கையால் எளிதில் கிழியாது, நீர் புகாது, நீராவி போகும். 1967-இல் வணிகரீதியாக விற்பனைக்கு வந்த இது கூரியர் உறை, கிருமிநீக்கிய மருத்துவக் கருவிகளின் பொதி, வேதி ஆலைப் பணியாளர் அங்கி, வெளிநாட்டு வீட்டுச் சுவர்களின் உட்போர்வை என்று பரவியது.

எல்லாவற்றிலும் மெல்லிய இழை பிறந்த இடம் ஆடைத் தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாதது. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் 1950-களில் வான் வென்டே என்பவர், வளிமண்டலத்தின் மேலடுக்கில் மிதக்கும் கதிரியக்கத் துகள்களைப் பிடிக்க ஒரு வடிகட்டி தேடினார். சோவியத் நாடு அணுகுண்டுச் சோதனை நடத்தியதா என்று அறிவதற்கான வேலை அது. உருகிய பிளாஸ்டிக் துளையிலிருந்து வெளிவரும் கணத்திலேயே இருபுறமும் சூடான காற்றை வேகமாக ஊதி இழையைச் சிதறடித்தார். சாதாரண ஸ்பன்பாண்ட் இழையின் தடிமன் 15 முதல் 35 மைக்ரான் வரை இருக்கும். இப்படி ஊதிய இழை ஒரு சில மைக்ரான்தான். மெல்ட்புளோன் என்று பெயர் பெற்ற இந்த முறையை டெக்சாஸில் இருந்த எஸ்ஸோ, பின்னாளைய எக்ஸான், நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1960-களிலும் 70-களிலும் தொழிற்சாலைக்கு ஏற்றதாக்கினார்கள்.

மெல்ட்புளோன் தாள் நன்றாக வடிகட்டும், ஆனால் நோஞ்சான். சற்று இழுத்தால் பிய்ந்துபோகும். கிம்பர்லி-கிளார்க் நிறுவனத்தின் ராபர்ட் ப்ராக், கேரி மைட்னர் இருவரும் 1977-இல் பெற்ற காப்புரிமை இந்தப் பலவீனத்தைக் கையாண்ட விதம் எளிமையானது: ஸ்பன்பாண்டோடு மெல்ட்புளோனைச் சேர்த்து இடையிடையே புள்ளிகளில் சூட்டால் பிணைத்தார்கள். வலு ஓர் அடுக்கினுடையது, வடிகட்டல் இன்னோர் அடுக்கினுடையது. புள்ளிகளில் மட்டும் ஒட்டியதால் தாள் அட்டையாகவில்லை, துணியாகவே தொங்கியது. நடுவில் மெல்ட்புளோன், இருபுறமும் ஸ்பன்பாண்ட் என்ற வடிவம் 'எஸ்.எம்.எஸ்.' என்ற பெயரில் மருத்துவமனைகளை நிறைத்தது. மூன்றடுக்கு முகக்கவசத்தைக் கத்தரித்துப் பார்த்தால் இதே வரிசை தெரியும். நடுவில் இருக்கும் வெண்ணிறப் பஞ்சுத்தாள்தான் சாரம்.

முகக்கவசத்தைச் சல்லடை என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அதன் இடைவெளிகள் பல துகள்களைவிடப் பெரியவை. பெரிய துகள் காற்றோடு வளைந்து திரும்ப முடியாமல் இழையில் மோதி ஒட்டும். மிகச் சிறிய துகள் காற்று மூலக்கூறுகளால் இங்குமங்கும் தள்ளப்பட்டு அலைந்து, எங்காவது ஓர் இழையில் முட்டும். தப்பிப்பது நடுத்தர அளவு. அதனால்தான் வடிகட்டிகளைச் சுமார் 0.3 மைக்ரான் துகள்களை வைத்துச் சோதிக்கிறார்கள். என்95 என்றால் அந்தச் சோதனையில் குறைந்தது 95 விழுக்காட்டைப் பிடிக்க வேண்டும். இழைகளை இன்னும் நெருக்கினால் பிடிக்கலாம், மூச்சு விடத்தான் முடியாது.

தீர்வு மின்னேற்றம். இழைகளுக்குள் நிலையான மின்னேற்றத்தைப் பதித்துவிட்டால், இடைவெளியைக் குறைக்காமலே துகள்களை ஈர்த்துப் பிடிக்கலாம். அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் பீட்டர் சாய் 1990-களின் தொடக்கத்தில் மெல்ட்புளோன் துணிக்குத் திறமாக மின்னேற்றும் முறையை உருவாக்கினார். 3எம் நிறுவனத்தின் கிண்ண வடிவ முகக்கவசம் 1972-இலேயே அரசு ஒப்புதல் பெற்றிருந்தாலும், இன்றைய என்95 இவ்வளவு சுலபமாக மூச்சுவிட இடம் தருவதற்குக் காரணம் இந்த மின்னேற்றமே. கொரோனா காலத்தில் பலர் என்95-ஐச் சோப்பு போட்டு அலசினார்கள், சானிடைசர் தெளித்துக் காயவைத்தார்கள். ஆல்கஹால் பட்டால் மின்னேற்றம் போய்விடும். முகக்கவசம் பார்க்க அப்படியேதான் இருக்கும்; வடிகட்டும் திறன் போயிருக்கும்.

அந்த 2020-இல்தான் திருப்பூரின் பின்னலாடைத் தொழிலகங்கள் முழு உடல் பாதுகாப்பு அங்கி தைக்கத் திரும்பின. துணி பெரும்பாலும் ஸ்பன்பாண்டோடு பிளாஸ்டிக் படலம் ஒட்டியது. கோவையிலுள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவில், செயற்கை இரத்தத்தை அழுத்தத்தோடு செலுத்தி அது ஊடுருவுகிறதா என்று பார்த்துச் சான்றளித்தார்கள். தாள் தேறினால் மட்டும் போதாது, தையலும் தேற வேண்டும். மாக்கின்டாஷை வாட்டிய அதே ஊசித்துளை! தையலின்மேல் சூடான காற்றால் ஒட்டும் நாடா இல்லாத அங்கி அந்தச் சோதனைக்கு நிற்காது. பனியன் தைத்துப் பழகிய கூடங்கள் நாடா ஒட்டும் இயந்திரத்தைத் தேடி ஓடியது இதனால்தான்.

நீரைத் தடுத்து வியர்வையை விடும் துணி என்ற பழைய கனவு நிறைவேறியது கோர்-டெக்ஸில். பி.டி.எஃப்.இ. என்ற பிளாஸ்டிக் 1938-இல் ராய் பிளங்கெட் கைக்குத் தற்செயலாகக் கிடைத்தது. டெஃப்லான் என்ற பெயரில் தோசைக்கல் வரை வந்துவிட்டது. அதன் சூடான கம்பிகளை 1969 அக்டோபரில் ராபர்ட் கோர் மெல்ல மெல்ல இழுத்துப் பார்த்தார், எல்லாம் உடைந்தன. சலித்துப்போய் ஒன்றை வெடுக்கென்று இழுத்தார். உடையாமல் பல மடங்கு நீண்டது. நீண்ட பொருளின் கொள்ளளவில் பெரும்பகுதி காற்று. படலமாக்கினால் சதுர அங்குலத்துக்குச் சுமார் 900 கோடி நுண்துளைகள். நீர்த்துளி நுழைய முடியாத சிறுமை, நீராவி மூலக்கூறுக்குத் தாராளமான அகலம். 1976-இல் காப்புரிமையும் கிடைத்தது, துணியும் சந்தைக்கு வந்தது.

முதல் தலைமுறைக் கோட்டுகள் சில காலத்தில் ஒழுகத் தொடங்கின. உடலின் எண்ணெய்ப்பசை துளைகளில் படிந்து, நீரை விலக்கும் இயல்பைக் கெடுத்திருந்தது. படலத்தின் உட்புறம் மெல்லிய பாலியூரித்தேன் பூச்சு ஒன்றைச் சேர்த்துச் சரிசெய்தார்கள். அதாவது இன்னோர் அடுக்கு.

இந்தக் கண்டுபிடிப்பு நீதிமன்றத்துக்கும் போனது. நியூசிலாந்தின் ஜான் கிராப்பர், பி.டி.எஃப்.இ.யை வேகமாக இழுத்து நீட்டும் இயந்திரத்தை 1966-இலேயே செய்திருந்தார். குழாய் மரையில் பிளம்பர் சுற்றுகிறாரே, அந்த வெள்ளை நாடாவுக்காக. ஆனால் அவர் காப்புரிமை கேட்கவில்லை. தொழில் இரகசியமாகக் காத்தார். பின்னர் கோருக்கும் கார்லாக் என்ற நிறுவனத்துக்கும் வழக்கு வந்தபோது, அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 1983-இல் கிராப்பரின் முந்தைய வேலை கோரின் உரிமையைப் பறிக்காது என்றது. பூட்டிவைத்த அறிவு உலகுக்குத் தரப்பட்ட அறிவாகாது என்பது தீர்ப்பின் சாரம். கிராப்பரின் பக்கம் அனுதாபம் எழலாம். ஆனால் வெளிப்படுத்தியவருக்கு உரிமை தருவதுதான் காப்புரிமைச் சட்டத்தின் அடிப்படை என்பதால் தீர்ப்பில் குறை சொல்ல இடமில்லை.

ஈரத்தை உறிஞ்சும் அடுக்குகளின் வரலாறு வேறு பாதை. மேரியன் டோனவன் குழவியின் துணிக்குமேல் மாட்டும் நீர்புகா உறைக்கு 1951-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். குளியலறைத் திரையை வெட்டித் தைத்ததில் தொடங்கிய வேலை அது. புராக்டர் அண்டு கேம்பிளின் விக்டர் மில்ஸ் குழுவினர் உருவாக்கிய பாம்பர்ஸ் டயப்பர் 1961-இல் வந்தது. இன்றைய டயப்பரில் தோலைத் தொடும் ஸ்பன்பாண்ட் ஈரத்தை உள்ளே விட்டுத் தான் உலர்ந்திருக்கும். நடுவில் மரக்கூழ்ப் பஞ்சும், தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்துக் கூழாகும் துகள்களும். அடியில் நீர்புகாப் படலம். சானிட்டரி நாப்கினின் கட்டமைப்பும் இதுதான்.

கோவையைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம் நாப்கின் செய்ய முயன்றபோது தொடக்கத்தில் தோற்றதற்குக் காரணம் இந்த நடு அடுக்கு. பஞ்சு என்று நினைத்துப் பருத்தியை வைத்தார், பயன்படவில்லை. பெருநிறுவனங்களின் நாப்கினில் இருப்பது பைன் மரக்கூழிலிருந்து எடுத்த செல்லுலோஸ் இழை என்று அறிய அவருக்கு ஆண்டுகள் ஆயின. அறிந்தபின், கூழ்ப்பலகையை உதிர்த்துப் பஞ்சாக்கி, அச்சில் அழுத்தி, நெய்யாத் துணியால் சுற்றும் வேலையைச் சிறு இயந்திரங்களாகப் பிரித்தார். பெருமுதல் கேட்கும் ஓர் அடுக்குப் பொருளை மகளிர் சுயஉதவிக் குழு செய்யக்கூடியதாக்கியது அவருடைய கண்டுபிடிப்பு. 2016-இல் பத்மஸ்ரீ வந்தது.

துணியிலிருந்து சற்று விலகி நிற்கும் அடுக்குத் தாள்களும் பல. மேசை, அலமாரி மேல் ஒட்டும் சன்மைக்கா, பிசினில் ஊறிய காகிதத் தாள்களை அடுக்கிச் சூட்டில் அழுத்தியது. ஏர்பஸ் ஏ380 விமானத்தின் உடற்பகுதியில் அலுமினியத் தகடும் கண்ணாடி இழையும் மாறிமாறி ஒட்டிய கிளேர் என்ற தகடு இருக்கிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த அதில், உலோகத்தில் விரிசல் விட்டாலும் இழைகள் அதைப் பரவவிடாமல் பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் கூரைமேல் விரிக்கும் சில்பாலின் போன்ற குறுக்கடுக்குத் தாள்களின் தத்துவமும் இதற்குத் தூரமில்லை. பிளாஸ்டிக் படலத்தை ஒரு திசையில் இழுத்து வலுவாக்கினால் அத்திசை நெடுகக் கிழியும். இரண்டு படலங்களைத் திசைமாற்றி ஒட்டினால் ஒன்றின் கிழிசலை மற்றது நிறுத்தும். இம்முறையை வளர்த்தவர் டென்மார்க்கின் ஓலே-பெண்ட் ராஸ்முசென்.

ஒட்டியதைப் பிரிப்பதுதான் இத்துறையின் தீராத கடன். பழச்சாறு வரும் டெட்ரா பேக் அட்டைப்பெட்டியில் ஏறத்தாழ 75 விழுக்காடு காகிதம், 20 பாலிஎதிலீன், 5 அலுமினியம். நீரில் போட்டுக் கடைந்து காகிதக்கூழை எடுத்துவிடலாம். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் கலந்த மிச்சத்தைப் பிரிப்பது செலவு பிடிக்கும் வேலை என்பதால் அப்படியே அழுத்திப் பலகையாகவும் கூரைத் தகடாகவும் ஆக்குகிறார்கள். டயப்பருக்கு அந்த வழியும் பெரும்பாலும் இல்லை. ஒரே பிளாஸ்டிக்கால் எல்லா அடுக்குகளையும் செய்வது இப்போது ஆய்வாளர்கள் செல்லும் திசை. கோர் நிறுவனமும் நிலைத்துத் தங்கும் ஃபுளூரின் வேதிப்பொருள்கள் மீதான எதிர்ப்பை அடுத்து 2022 முதல் பாலிஎதிலீன் படலத்தைப் பயன்படுத்தும் கோட்டுகளைக் கொண்டுவந்திருக்கிறது. பிரிக்க வேண்டியிராத அடுக்கே நல்ல அடுக்கு என்ற எண்ணம் தாமதமாக வந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடையில் நான் ஓவன் பைகளும் அடங்கும். மத்திய அரசு விதியோ 2021 செப்டம்பர் 30 முதல் சதுர மீட்டருக்கு 60 கிராமுக்குக் குறைந்த நான் ஓவன் பைகளை மட்டும் தடை செய்தது. இரண்டு விதிகளில் மாநில விதியே தெளிவானது. ஏனென்றால் துணிபோல் தோன்றுவதால்தான் இந்தப் பை துணிப்பை என்ற பெயரில் கடைகளில் இன்னும் கைமாறுகிறது. கண்டுபிடிப்பது கடினம் அல்ல. பையின் வெட்டு விளிம்பை நகத்தால் நெருடிப் பாருங்கள். நூல் பிரிந்து வந்தால் அது நெய்த துணி. நூல் வராமல், மேற்பரப்பில் வரிசைக் குழிகள் மட்டும் தெரிந்தால், கையில் இருப்பது பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக். மஞ்சப்பைக்கு அது மாற்று ஆகாது.